இலவசப் பட்டின் விலை: சேலத்துக் கைவினைஞர் ஒருவரின் கணக்கு

சேலம் அம்மாப்பேட்டைப் பகுதியில் வாழும் கைவினைஞர் ஒருவர், கைத்தறிகளில் எஞ்சும் பட்டு நூலையும், ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் கவாத்து செய்து தள்ளும் கிளைகளையும் கொண்டு கம்மல், தொங்கட்டான், கழுத்தணி, கொண்டைக் குச்சி முதலியவற்றைச் செய்து விற்கிறார். கடை கிடையாது, வேலையாள் கிடையாது, வீட்டு மாடியில் உள்ள தகரக் கொட்டகைதான் பட்டறை. செய்த பொருள் எதுவும் தேங்கி நின்றதில்லை. கண்காட்சிக்குக் கொண்டுபோன பெட்டி பெரும்பாலும் காலியாகவே வீடு திரும்பியது. ஆயினும் மூன்றாம் ஆண்டின் முடிவில் கையில் காசு நிற்கவில்லை என்பதைக் கண்டு, வரவு செலவைப் பார்த்துத் தரும்படி என்னிடம் கேட்டுக்கொண்டார். அப்படிப் பார்த்ததில் தெரியவந்தவையும், அதன்பின் அவர் தொழிலில் செய்துகொண்ட மாற்றங்களும் இங்கே பதிவாகின்றன. அவர் விருப்பப்படி பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

விற்பனை குறைவு என்று சொல்ல முடியாது. ஊதாரித்தனமும் இல்லை. மூலப்பொருளுக்கு அவர் செலவழித்ததோ அநேகமாக ஒன்றுமில்லை. நூலைத் தறிக்காரர்கள் சும்மா தந்தார்கள், மரத்தைத் தோட்டத்தில் விறகாக எரிக்கும் முன் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சும்மா கிடைத்த அந்த இரண்டு பொருள்கள்தாம் அவருடைய வருமானத்தைத் தின்றன என்பது கணக்கைப் பார்த்தபின் நான் வந்த முடிவு.

ஊரின் வசதி

இத்தகைய தொழிலுக்குச் சேலத்தைப் போல் வாகான ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு இந்த ஊர்த் தறிகளில்தான் நெய்யப்படுகிறது. கொலுசுத் தொழிலால் பெயர் பெற்ற ஊர் என்பதால், வெள்ளிக் கம்பியை வேண்டிய பருமனில் இழுத்து, வேண்டிய வடிவில் வளைத்துத் தரும் பட்டறைகள் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தெருவுக்குத் தெரு உண்டு. ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையிலோ, 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் கொண்டுவந்து நட்ட காலத்திலிருந்து காப்பி விளைகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மலையேறி, மரத்தை மூட்டை கட்டிக்கொண்டு அதே நாளில் வீடு திரும்பிவிடலாம். மற்ற ஊர்க் கைவினைஞர்கள் இணையத்தில் தேடி, அனுப்புகைச் செலவு கொடுத்து வாங்குகிற மூன்று பொருள்களும் இவருக்குப் பேருந்து தூரத்தில் கிடைக்கின்றன. இந்த வசதியே, அவற்றுக்கெல்லாம் விலை உண்டு என்பதை மறக்கச் செய்தது என்றும் சொல்லலாம்.

நூல்

கைத்தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டில் ஓடும் இழைத் தொகுதி, முடிந்து அடுத்த பாவைப் பழைய இழைகளோடு பிணைக்கும்போது, நெய்ய இயலாத ஒரு நீளம் எப்போதும் எஞ்சும். புதுப் பாவு, இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற அச்சைத் தாண்டி முன்னே வந்ததும் இந்தப் பழைய பகுதியை அறுத்து எறிவது வழக்கம். ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றும் முழங்கை நீளமோ சற்றுக் கூடுதலோ இருக்கும். நெசவாளிக்கு அதனால் பயன் இல்லை. முதன்முதலாக அதைக் கேட்கப் போனபோது ஒரு நெசவாளர் வீட்டு அம்மாள், "இதையுமா காசு குடுத்து வாங்குவ கண்ணு? வேணுங்கறத அள்ளிக்கிட்டுப் போ" என்று பை நிறையத் திணித்துக் கொடுத்தாராம். அன்று தொடங்கிய பழக்கம் அது.

பையில் திணித்த பட்டு எப்படி இருக்கும் என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களே அறிவார்கள். தறியில் விறைப்பாக, ஒன்றோடொன்று படாமல் நின்ற இழைகள், அறுத்த கணத்தில் சுருண்டு, முறுக்குத் தளர்ந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொள்கின்றன. அந்தச் சிக்கலைப் பிரித்து, ஒரே நீளத்தில் அடுக்கி, குஞ்சத்துக்கு ஏற்ற கற்றையாக்குவதற்கு ஒரு ஜோடித் தொங்கட்டானுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அவர் அதை வேலை என்றே எண்ணியிருக்கவில்லை. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே, தாயாரோடு பேசிக்கொண்டே செய்கிற காரியம் என்பதால் கணக்கில் வரவில்லை.

தீர்வு தறியிலேயே இருந்தது. அறுப்பதற்கு முன், இழைகள் இன்னும் வரிசையாக நிற்கும்போதே, பாவின் அகலத்தைச் சிறு சிறு பிடிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிடிக்கும் இரு முனைகளிலும் பருத்தி நூலால் ஒரு கட்டுப் போட்டுவிட்டால், அறுத்த பிறகும் நூல் சிக்காது. இது நெசவாளர் வீட்டில் சில நிமிட வேலை. ஆனால் சும்மா தருகிறவரிடம் அதைச் செய்து தரும்படி கேட்க முடியாது. எனவே பிடிக்கு 20 ரூபாய் என்று விலை பேசப்பட்டது. ஒரு பிடியில் பத்து ஜோடி செய்யலாம் என்பதால் ஜோடிக்கு நூல் செலவு 2 ரூபாய் ஆயிற்று. சிக்கெடுக்கும் நேரமோ முப்பது நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடமாகக் குறைந்தது. இந்த ஆய்வில் கண்ட மாற்றங்களுள் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை என்பேன்.

நூலில் இன்னொரு சிக்கலும் இருந்தது. தொடக்கத்தில் யார் கொடுத்தாலும் வாங்கி வந்ததில், இளம்பிள்ளைப் பக்கத்து விசைத்தறிக் கழிவும் கலந்திருந்தது. அங்கே ஓடும் நூலில் பாலியெஸ்டரும் செயற்கைப் பட்டும் மிகுதி. பளபளப்பைப் பார்த்து எது பட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு தீக்குச்சி சொல்லிவிடும். உண்மைப் பட்டு இழை தீயிலிருந்து விலகிச் சுருளும், முடி கருகும் நாற்றம் அடிக்கும், எஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டி, ஆறியபின் கடினமான மணியாக நிற்கும். செயற்கைப் பட்டு காகிதம் போல் எரிந்து சாம்பலாகும். இப்போது ஒவ்வொரு பிடியிலிருந்தும் ஓர் இழையை இவ்வாறு சோதித்த பிறகே எடுத்துக்கொள்கிறார். 'சில்க் த்ரெட்' என்ற பெயரில் கடைகளில் விற்கும் நூலையும் வளையல் சுற்றுவோர் ஒருமுறை கொளுத்திப் பார்ப்பது நல்லது. அதில் பெரும்பகுதி பட்டே அன்று.

சாயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வெண்பட்டுத் தறியின் கழிவு வெள்ளை என்பதால் அதற்கு அவரே சாயமிடுகிறார். படிகாரத்தில் ஊறிய பட்டு, செண்டுமல்லிப் பூவில் நல்ல மஞ்சளும், மாதுளைத் தோலில் பழுப்பு மஞ்சளும் பெறுகிறது. மாதுளைச் சாயத்தோடு இரும்புத் துருநீர் சிறிது சேர்ந்தால் சாம்பல் கருமை வருகிறது. பட்டைக் கொதிக்கவிட்டால் மினுக்கம் போய்விடும் என்பதால் கொதிநிலைக்கு நன்றாகக் கீழேயே சூட்டை நிறுத்த வேண்டும். சமையல் மஞ்சள் மட்டும் வேண்டாம். கண்ணைப் பறிக்கும் நிறம் தந்து, வெயில் பட்டதும் வெளிறிவிடுகிற சாயம் அது; மஞ்சளில் தோய்த்த முதல் தொகுதியில் பல ஜோடிகள் திரும்பி வந்தன.

மரம்

காப்பி மரம் வைரம் பாய்ந்த மரங்களுக்கு ஈடில்லை என்றாலும், நெருங்கிய நாரமைப்பும் மென்மஞ்சள் நிறமும் கொண்டது. நன்கு தேய்த்தால் தந்தம் போல் வழவழப்பாகும். அறுவடை முடிந்து கவாத்து நடக்கும் மாதங்களில் கட்டை விரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரை கிளைகள் கிடைக்கும். இவற்றைக் குறுக்கே வில்லைகளாக அறுத்து, பட்டை விளிம்போடு தொங்கட்டான் செய்வதே அவர் தொடக்கத்தில் கண்ட வடிவம். பார்க்க மிக அழகு. பத்தில் மூன்று நான்கு வில்லைகள் வெடித்தன.

வெடிப்புக்குக் காரணம் மரத்தின் இயல்பிலேயே இருக்கிறது. ஈரம் உலரும்போது மரம் வளைய வாட்டத்தில் சுருங்குவது, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிய வாட்டத்தில் சுருங்குவதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. முழு வில்லையில் இந்த வேறுபாட்டுக்குப் போக்கிடம் இல்லாததால், விளிம்பிலிருந்து நடுத் தண்டு வரை ஒரு கீறல் விழுந்தே தீரும். இதனோடு இடமாற்றமும் சேர்ந்துகொண்டது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், பனி மூடிய மலையில் வெட்டிய பச்சை மரம், 300 மீட்டருக்கும் கீழே உள்ள சேலத்து வெயிலில், அதுவும் தகரக் கொட்டகையில் ஏற்றப்பட்டது. மேற்புறம் ஓரிரு நாளில் காய்ந்து இறுகிவிட, உள்ளே ஈரம் அப்படியே நின்றது.

இதற்கு அவர் முதலில் கையாண்ட வழி, வெடித்த கீறலில் எபாக்ஸி ரெசினை ஊற்றி நிரப்பி, அதையே ஓர் அழகாக்குவது. அது விற்கவும் செய்தது. இதில் எனக்கும் அவருக்கும் நீண்ட வாக்குவாதம் நடந்தது. ரெசின் என்பது இறுகிய பிளாஸ்டிக். அதைத் தேய்க்கும்போது பறக்கும் தூசியும், இறுகும் முன் கையில் படும் திரவமும் உடலுக்கு ஆகாதவை. பூவிதழை ரெசினுக்குள் பதித்துவிட்டு அதை இயற்கை நகை என்று விற்கும் பழக்கம் இப்போது பரவலாக இருப்பதால், தாமும் அப்படிச் செய்வதில் தவறில்லை என்று அவர் கருதினார். பிறகு அவரே அதைக் கைவிட்டதற்கு என் வாதம் காரணமன்று. ரெசின் விலையும், இறுகுவதற்குக் காத்திருக்கும் நேரமும் கணக்கில் ஏறியபோது அந்த வடிவம் நட்டத்தில் ஓடியது தெரிந்தது.

இப்போதைய முறை எளிது. கிளையை மலையிலேயே நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுத் தண்டை நீக்கி, வெட்டு முனைகளில் தேன்மெழுகு பூசி, நிழலில் காற்றோட்டமாக அடுக்கி வைக்கிறார்கள். ஓர் அங்குலப் பருமனுக்கு ஓராண்டு உலர வேண்டும் என்பது தச்சர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பிளந்த சிறு துண்டுகளுக்கு அவ்வளவு காலம் தேவைப்படுவதில்லை, ஆனால் சில மாதங்கள் கட்டாயம். இதைச் செய்து, மூட்டையைப் பேருந்தில் ஏற்றிவிடும் தோட்டத் தொழிலாளிக்குக் கூலி தரப்படுகிறது. வட்ட வில்லை போய், இலை வடிவத்திலும் நீர்த்துளி வடிவத்திலும் நீளவாட்டத் துண்டுகள் வந்தன. வெடிப்பு அநேகமாக நின்றது.

மரத்தை எடுப்பதில் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. அரபிகா காப்பியைத் தாக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு தண்டுக்குள் சுரங்கம் குடைந்து வாழ்வது. தாக்குண்ட செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும் என்பதே தோட்டக்காரர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை. அத்தகைய மரத்தில் புழு குடைந்த வரிகள் ஓவியம் போல் தெரியும் என்பதால் கைவினைஞர்களுக்கு அதன்மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் அதை எரிக்காமல் வெளியே கொண்டுபோவது பூச்சியைச் சுமந்துகொண்டு போவதாகும். துளையோ மரத்தூள் அடைப்போ கண்ட துண்டை அவர் இப்போது தொடுவதில்லை. மற்ற துண்டுகளையும் கடைசலுக்கு முன் சூடேற்றிக்கொள்கிறார். மரப் பெட்டிகளை நாடு விட்டு நாடு அனுப்புவதற்கான பன்னாட்டு விதி, மரத்தின் உள்ளகம் 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்கிறது. சிறு துண்டுகளுக்கு அந்த அளவை வீட்டு ஓவனிலேயே எட்டிவிடலாம். தோட்டத்தில் உரிமையாளரைக் கேட்டு எடுப்பது போதும். காப்புக்காட்டில் விழுந்த குச்சியானாலும் வனத்துறை அனுமதியின்றி எடுப்பது குற்றம் என்பதால் அந்தப் பக்கமே போவதில்லை.

மரத்தோடு விதைகளையும் மணியாகக் கோப்போருக்கு ஓர் எச்சரிக்கை. குன்றிமணியின் சிவப்பும் கருப்பும் நகைக்கு எடுப்பானவை. ஆனால் அதன் ஓட்டுக்குள் இருக்கும் ஏப்ரின் கடும் நஞ்சு. ஓடு உடையாதவரை ஆபத்து குறைவு என்றாலும், கோப்பதற்காக அதைத் துளைக்கும்போது ஓடு உடைகிறது, நஞ்சுள்ள தூசி பறக்கிறது. குழந்தைகள் வாயில் வைக்கக்கூடிய எந்த அணியிலும் அது இருக்கக்கூடாது. பூந்திக் கொட்டையின் கரிய விதை அதே அளவு அழகு, இந்த அபாயம் இல்லாதது.

அட்டையில் என்ன எழுதுவது

முன்பு எல்லாப் பெட்டிகளிலும் 'நூறு விழுக்காடு இயற்கை, சூழலுக்கு உகந்தது' என்று அச்சிட்ட ஒரே அட்டை இருந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பசுமை, இயற்கை, சூழலுக்கு உகந்தது போன்ற பொதுச் சொற்களை விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. தனியாள் தொழிலைத் தேடி வந்து யாரும் வழக்குப் போடப்போவதில்லை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் கண்காட்சிக்கு வந்த ஒரு கல்லூரி மாணவி கேட்ட கேள்விகள் வழக்கைவிடக் கூர்மையாக இருந்தன. பட்டுக்காகக் கூட்டுப்புழுவைக் கொல்வது எப்படி இயற்கைக்கு உகந்ததாகும், இந்தச் சிவப்பு எந்தச் சாயம், இதில் மின்னுவது சரிகையா பிளாஸ்டிக்கா என்று அவர் வரிசையாகக் கேட்டார். மூன்றாவது கேள்விக்கான விடை பிளாஸ்டிக் என்பதே. மலிவுச் சரிகையின் உள்ளே இருப்பது பாலியெஸ்டர் படலம்.

இப்போதைய அட்டையில் பெருமைச் சொல் ஒன்றும் இல்லை. எடுத்துக்காட்டாக, தறியிலிருந்து நிறத்தோடு வந்த நூலில் செய்த ஒன்றில் இப்படி இருக்கிறது: "நூல்: அம்மாப்பேட்டைக் கைத்தறியில் எஞ்சிய பட்டு, நிறம் தறிக்காரர் இட்ட செயற்கைச் சாயம். மரம்: ஏற்காட்டுத் தோட்டத்தில் கவாத்து செய்த காப்பிக் கிளை, பூச்சு ஆளிவிதை எண்ணெய், தேன்மெழுகு. கொக்கி: 92.5 வெள்ளி. பசை இல்லை. நூல் நைந்தால் கொண்டுவாருங்கள், மாற்றித் தரப்படும்." செயற்கைச் சாயம் என்று வெளிப்படையாக எழுதினால் வாங்க மாட்டார்கள் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அட்டையை நின்று படிப்பவர்கள் கூடினார்களே தவிர, அந்த வரியைக் காரணம் காட்டி யாரும் வைத்துவிட்டுப் போகவில்லை. சுடுமண் நகைக்கு அக்ரிலிக் வண்ணம் பூசிவிட்டு மண் நகை என்று மட்டும் சொல்வோரும் இதை முயன்று பார்க்கலாம்.

வெள்ளிக் கொக்கியைப் பற்றி ஒரு சொல். மலிவான கொக்கிகளில் உள்ள நிக்கல் பலருக்குக் காதில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்குகிறது. நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் போகாது. அதனால் வெள்ளியைக் கைவிட அவர் மறுத்தது சரியே. (ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து, பிறகு அப்புறப்படுத்த வேண்டும்.)

விலை

பழைய கணக்கு இது. ஒரு ஜோடித் தொங்கட்டானின் விலை 180 ரூபாய். கூலி உட்பட வெள்ளிக் கொக்கி 70, பெட்டியும் அட்டையும் 20, எண்ணெய், உப்புத்தாள், சாயப்பொருள் 10. மீதி 80. இதை நாற்பது நிமிட வேலை என்று அவர் மனத்தில் வைத்திருந்தார். அப்படியானால் மணிக்கு 120 ரூபாய், குறை சொல்வதற்கில்லை. சுவரில் ஒரு தாளை ஒட்டி, ஒரு மாதம் ஒவ்வொரு வேலைக்கும் நேரத்தைக் குறித்துவரச் சொன்னேன். சிக்கெடுக்க அரை மணி, அலசிச் சாயமிட கால் மணி, மரம் அறுத்துத் தேய்க்க நாற்பது நிமிடம், கோக்க இருபது நிமிடம், படமெடுத்து, கேட்பவர்களுக்கு விடை எழுதி, பொதிந்து அனுப்பக் கால் மணி என்று மொத்தம் இரண்டு மணி நேரம் வந்தது. வெடித்து வீணான வில்லைகளின் நேரம் இதில் சேரவில்லை.

ஆக மணிக்கு 40 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு 320. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். கடைகளில் வைத்து விற்றபோது நிலைமை இன்னும் மோசம். விற்றால் காசு என்ற ஏற்பாட்டில் கடைக்காரர் நாற்பது விழுக்காடு எடுத்துக்கொண்டார். 180இல் கைக்கு வந்தது 108, செலவு 100. இரண்டு மணி நேர உழைப்புக்கு எட்டு ரூபாய் மிச்சம். அந்தக் கடையில்தான் விற்பனை மிக அதிகம் என்று அவர் பெருமையாகச் சொல்லிவந்தார்.

2025ஆம் ஆண்டில் வெள்ளி விலை இரட்டிப்புக்கும் மேல் ஏறியது. பட்டறைக்காரர்கள் கலங்கியதைப் போலவே இவரும் கலங்கி, கொக்கியை எஃகுக்கு மாற்றலாமா என்று கேட்டார். கணக்குப் போட்டால் கலங்க வேண்டியதில்லை என்று தெரியும். 0.8 மில்லிமீட்டர் கம்பியில் நான்கு சென்டிமீட்டர் நீளம் கொண்ட கொக்கி இரண்டுக்கும் சேர்த்து வெள்ளி அரை கிராமுக்கும் குறைவு. கிராம் 100 ரூபாயிலிருந்து 200 ஆனால் ஜோடிக்குக் கூடுவது 40 ரூபாய். இரண்டு மணி நேரத்தைக் கணக்கில் எடுக்காதவர் நாற்பது ரூபாய்க்கு உறக்கம் இழந்தார். தொழிலில் இது அரிதான காட்சி அன்று.

மாற்றத்துக்குப் பின், ஒரு ஜோடிக்கு ஆகும் நேரம் 75 நிமிடம்: கட்டிய நூல், தொகுதியாகச் சாயமிடல், மூன்றே வடிவங்களுக்கு அச்சு வைத்து அறுத்தல் ஆகியவற்றால் இது இயன்றது. செலவு, ஏறிய வெள்ளி விலையோடும் நூல் விலையோடும் மலையில் தரும் கூலியோடும் சேர்த்து 150 ரூபாய். விற்பனை விலை 450. நேரடி விற்பனையில் 300 ரூபாய் நிற்கிறது, மணிக்கு 240. கடை வழியாகப் போனால் 270 வந்து 120 நிற்கும், மணிக்கு 96. இந்தக் கணக்கைப் பார்த்தபின் கடைகளுக்குக் கொடுப்பதை ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்.

180 ரூபாய்ப் பொருளை 450க்கு யார் வாங்குவார் என்பது நியாயமான கேள்வி. மாதம் அறுபது ஜோடி விற்றது, முப்பத்திரண்டாகக் குறைந்தது. அறுபது ஜோடியில் நின்றது 4,800 ரூபாய், உழைப்பு 120 மணி நேரம். முப்பத்திரண்டில் நிற்பது 9,600, உழைப்பு 40 மணி நேரம். பழைய வாடிக்கையாளர்களில் சிலர், "என்னக்கா, பேர் வந்ததும் வெலைய ஏத்திட்டீங்க" என்று முகத்துக்கு நேரே கேட்டது அவரை மிகவும் வருத்தியது. அந்த வருத்தத்துக்கு எந்தக் கணக்கும் மருந்தில்லை.

எல்லாவற்றிலும் நல்ல வருவாய் தருவது கொண்டைக் குச்சி. காப்பிச் செடியில் நேராக மேல்நோக்கி ஓடும் கொழுந்துக் கிளைகளைப் பருவந்தோறும் நீக்குவார்கள். விரல் பருமன் வந்தவை இதற்கு உகந்தவை. வெள்ளி வேண்டாம், நூல் வேண்டாம். சீவி, தேய்த்து, எண்ணெய் பூசி முடிக்க 25 நிமிடம். விலை 220, செலவு 25. மணிக்கணக்கில் பார்த்தால் தொங்கட்டானைப் போல் இரு மடங்கு. ஆனால் கலைஞராக அவருக்கு அதில் மனம் ஒட்டவில்லை. குச்சி சீவுவதற்கா இதில் இறங்கினேன் என்கிறார். அதனால் மழைக்காலத்தில், சாயம் காயாத நாள்களில் மட்டும் குச்சி செய்வது என்று வைத்துக்கொண்டிருக்கிறார். இதில் நான் தலையிடவில்லை.

வாங்குவோர்

மலை மரத்தில் செய்ததை மலையில் விற்பதே பொருத்தம் என்று கருதி, மே மாதக் கோடை விழாக் கூட்டத்தை அவர் பெரிதும் நம்பியிருந்தார். ஏரிக்கரைக்கு வரும் சுற்றுலாப் பயணி மிளகும் காப்பித்தூளும் வாங்கிய கையோடு, வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நூறு ரூபாய்க்குள் ஏதாவது தேடுகிறார். அவருக்கு இந்த நகை பொருந்தாது. நிலையாக வாங்குவோர் சேலத்திலேயே இருந்தார்கள்: ஆசிரியைகள், வங்கி ஊழியர்கள், பருத்திச் சேலைக்குத் தங்கம் ஒவ்வாது என்று எண்ணும் நடுவயதுப் பெண்கள். இவர்கள் ஒருமுறை வாங்கி, நூல் மாற்ற வந்து, அடுத்ததை எடுத்துக்கொண்டு போகிறார்கள். பழுதுபார்ப்பு அட்டை இவ்வளவு விற்பனையைத் தரும் என்று எங்கள் இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை.

கல்யாண வீட்டு ரிட்டர்ன் கிஃப்ட் ஆர்டர் வேறு வகை. இருநூறு ஜோடி, எல்லாம் ஒரே அரக்கு நிறத்தில், முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் முன்னால் என்று கேட்பார்கள். தறிக் கழிவில் ஒரே நிறம் இருநூறு ஜோடிக்குக் கிடைக்காது. கிடைக்க வேண்டுமானால் புது நூல் வாங்கித்தான் செய்ய வேண்டும், அப்போது அட்டையில் எழுதியது பொய்யாகும். வடிவம் ஒன்றாக இருக்கும், நிறம் கிடைத்தபடி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, ஒப்புக்கொள்வோரிடம் மட்டும் பாதித் தொகையை முன்பணமாகப் பெற்று எடுத்துக்கொள்கிறார். பலர் ஒப்புக்கொள்வதில்லை.

பதிவு விவகாரங்கள் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்கள் அரசினுடையவை அல்ல. போலி நகைகளுக்கான சரக்கு, சேவை வரி 3 விழுக்காடு என்றாலும், இவருடைய விற்றுமுதல் பதிவு வரம்பைத் தொடவில்லை. 2023 அக்டோபர் முதல், பதிவு பெறாத சிறு விற்பனையாளரும் ஒரு சேர்க்கை எண் பெற்று, மாநிலத்துக்குள் மின்வணிகத் தளங்கள் வழியாகப் பொருள் விற்கலாம். மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டையான பெஹ்சான் இருந்தால் அரசுக் கண்காட்சிகளில் இடம் கேட்பது எளிதாகிறது.

இன்று தொழில் நிற்கும் நிலையில் பலவீனமான இடம் நூல் வரத்துதான். கட்டிய நூல் தரும் வீடுகள் மூன்று. அவற்றில் ஒன்றில் பெரியவருக்குக் கண் பார்வை மங்கி வருகிறது, மகன் தறியில் உட்காரப்போவதில்லை. மேலும் இரண்டு வீடுகளில் பேசிவைத்திருக்கிறார். சென்ற மாதம், முதலாவது வீட்டின் அம்மாள், முன்பு அள்ளிக்கொண்டு போகச் சொன்ன அதே அம்மாள், பிடிக்கு 30 ரூபாய் வேண்டும் என்று கேட்டார். ஜோடிக்கு ஒரு ரூபாய் கூடுகிறது. மறு பேச்சின்றிக் கொடுத்துவிட்டு, பிடியின் நீளத்தை இன்னும் நான்கு விரல் கூட்டிக் கட்டித் தர முடியுமா என்று கேட்டு வந்திருக்கிறார்.